மூக்கடைப்பும் நீரடைப்பும்: புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் ஒவ்வாமைக்கு மருந்து எடுக்கும் முன்

புராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்று ஸ்கேன் சீட்டைப் பார்த்து மருத்துவர் சொல்லிவிட்டார். இரவில் சாப்பிட ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். உங்களுக்கு அதற்கும் பல வருடங்களுக்கு முன்பிருந்தே அடுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் உண்டு. ஆனால் அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. மூக்குக்கும் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் கம்பத்துக்காரன். கேரள எல்லைக்கு மேலே, வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஜீப்பில் மலை ஏறி, மாலையில் இறங்குகிற பிழைப்பு. காய்ந்த ஏலக்காயைக் கம்பி வலையில் தேய்த்துக் காம்பையும் பூச்சருகையும் நீக்கும்போது எழுகிற தூசியை அந்த வேலை தெரிந்தவர்கள் அறிவார்கள். சாரல் மாதங்களில் சுவரெல்லாம் பூஞ்சணம் பூக்கும். எனக்குத் தும்மல் தொடங்கினால் பதினைந்துக்குக் குறையாது.

ஐந்து வருடங்களுக்கு முன், அறுவடை உச்சத்தில் இருந்த ஓர் அக்டோபரில், ஒரு மருந்துக்கடையில் சளி மாத்திரை ஒரு பட்டை வாங்கினேன். மதியம் ஒன்று, மாலை ஒன்று போட்டுக்கொண்டேன். மூக்கு கொஞ்சம் காய்ந்தது. இரவு பத்து மணிக்குச் சிறுநீர் கழிக்கப் போனேன், வரவில்லை. பன்னிரண்டு மணிக்கும் வரவில்லை. இரண்டு மணிக்கு அடிவயிறு பூசணிக்காய் போலப் புடைத்துவிட்டது. கம்பம்மெட்டு இறக்கத்தில் ஜீப் வளைவுக்கு வளைவு திரும்பும்போது இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். மருத்துவமனையில் குழாய் செலுத்தியதும் பையில் 900 மில்லிக்கு மேல் இறங்கியது. இளம் வயது மருத்துவர். என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: “ஐயா, இன்றைக்குச் சளிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?”

அந்தக் கேள்வியை யாரேனும் ஒருவர் முந்தின நாளே கேட்டிருந்தால் நான் அந்த ஜீப்பில் ஏறியிருக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் வயல் பாய்ச்சும் ஊர்க்காரர்களுக்கு இதை மடையை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். தண்ணீர் வெளியேற இரண்டு வேண்டும். பின்னாலிருந்து தள்ளும் விசை ஒன்று, முன்னால் திறந்திருக்கும் மடை ஒன்று. சிறுநீர்ப்பையின் தசைதான் தள்ளுகிறது. பையின் கழுத்தும், அதற்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமர்ந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பியும்தான் மடை. இளம் வயதில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள அந்தச் சுரப்பி வயதாக ஆகப் பருக்கிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், 80 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இது உண்டு. இது புற்றுநோய் அல்ல. ஆனால் மடை ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கிறது.

இப்போது சளி மாத்திரைக்கு வருவோம். அதில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். ஒன்று காய்ச்சலுக்கான பாராசிட்டமால். அதனால் சிறுநீருக்குத் தொல்லை இல்லை. இரண்டாவது, மூக்கடைப்பைத் திறப்பதற்கான ஃபினைல்எஃப்ரின் அல்லது சூடோஎபெட்ரின். மூக்கின் இரத்தக் குழாய்களை இறுக்குவது இதன் வேலை. மருந்து வந்து தொட்டதும் தசையை இறுக்கும் ஆல்ஃபா ஏற்பிகள் என்ற புள்ளிகள் வழியாகத்தான் அது நடக்கிறது. ஆனால் அதே ஏற்பிகள் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் இருப்பதால் அங்கேயும் தசை இறுகும். மூன்றாவது, தும்மலுக்கான குளோர்ஃபெனிரமின். அது அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியைத் தடுப்பதால்தான் வாய் உலர்கிறது, மூக்கு காய்கிறது. சிறுநீர்ப்பை தள்ளுவதற்கும் அதே செய்திதான் வேண்டும்.

ஒரே மாத்திரை மடையையும் இறுக்குகிறது, தள்ளும் விசையையும் தளர்த்துகிறது. எனக்கு நடந்தது இதுதான்.

ஃபினைல்எஃப்ரினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாய்வழியே சாப்பிட்டால் அது மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு ஒருமனதாக முடிவு செய்தது. பயன் இல்லாத ஒன்றுக்காக நாம் ஏன் ஆபத்தை வாங்க வேண்டும்?

முதல் படி: சளியைச் சொல்லும் முன் புராஸ்டேட்டைச் சொல்லுங்கள்

மருந்துக்கடையில் நாம் பேசுகிற முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். “சளிக்கு ஒரு மாத்திரை கொடு தம்பி” என்று தொடங்கினால், வழக்கமாகக் கொடுப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். போன மாதம் நான் போனபோது இப்படித்தான் பேசினேன்:

“அம்மா, எனக்குப் புராஸ்டேட் வீக்கம் இருக்கிறது. அதற்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறேன். இப்போது தும்மலும் மூக்கடைப்பும்.”

அந்தப் பெண் எடுத்த பட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, “அப்படியென்றால் இது வேண்டாம் ஐயா, இருங்கள்” என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் போதும். மலைக்கு மேலே குமுளியிலோ கட்டப்பனையிலோ வாங்குகிறவர்கள் “புராஸ்டேட் வீக்கம், மூத்ர தடஸ்ஸம் உண்டு” என்று சொன்னால் மலையாளக் கடைக்காரருக்கும் உடனே புரியும். சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். வரிசையில் நிற்கும் ஆண்களில் உங்கள் வயதுக்காரர் எவருக்கும் இது புதிய சொல் அல்ல.

இரண்டாம் படி: பட்டையின் பின்புறம்

பட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். நமக்கு வேண்டியது பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர். ஆங்கிலத்தில்தான் இருக்கும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்க்கலாம்.

ஃபினைல்எஃப்ரின், சூடோஎபெட்ரின் என்று காதில் விழுந்தால் வேண்டாம். குளோர்ஃபெனிரமின், ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெதசின், ஹைட்ராக்சிசின், சைப்ரோஹெப்டடின் ஆகியவையும் வேண்டாம். நம் ஊரில் அரிப்பு என்றாலே கேட்டு வாங்கும் அவில் மாத்திரை என்பது ஃபெனிரமின்தான். இருமல் மருந்துப் புட்டிகளிலும் இவை மறைந்திருக்கும். கோடீன் சேர்ந்த இருமல் மருந்தும் சிறுநீரைக் கட்டும். பெயரின் கடைசியில் ‘கோல்ட்’, ‘பிளஸ்’, ‘டி’ என்று ஏதாவது ஒட்டியிருந்தால் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வழக்கமான மருந்தோடு வேறொன்றும் சேர்ந்திருக்கலாம்.

வேறு நோய்க்காக மருத்துவர் எழுதிய மருந்தில் இவற்றில் ஒன்று இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

மூன்றாம் படி: மூக்கின் நோயை மூக்கிலேயே கவனியுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். மாத்திரை வயிற்றுக்குள் போய் உடம்பு முழுவதும் சுற்றிவிட்டுத்தான் மூக்குக்கு வருகிறது. வழியில் சிறுநீர்ப்பையையும் தொட்டுவிட்டு வருகிறது. மூக்கிலேயே நின்று வேலை செய்யும் வைத்தியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் உப்புத் தண்ணீரால் கழுவுதல். அயோடின் சேராத உப்பு மூன்று தேக்கரண்டி, ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி. இரண்டையும் கலந்து ஈரமில்லாத பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது அதில் ஒரு தேக்கரண்டி எடுத்து 240 மில்லி தண்ணீரில் கரையுங்கள். எரிந்தால் உப்பைக் குறையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் மூக்குக் கழுவும் பாட்டிலில் ஊற்றி, தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேலிருக்கும் துவாரத்தில் விடுங்கள். மற்றத் துவாரம் வழியாக வடியும். ஸ்டோரிலிருந்து வந்த அன்று எனக்கு வடிகிற முதல் தண்ணீர் பழுப்பு நிறத்தில் இருக்கும். அதில் ஏலக்காய் வாசனைகூட அடிக்கும். அவ்வளவு தூசியையும் உள்ளே வைத்துக்கொண்டு அதற்கு மேல் மாத்திரை போட்டுப் பயன் என்ன?

ஆனால் தண்ணீர் விஷயத்தில் ஒரு துளிகூட அலட்சியம் கூடாது. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் மட்டும்தான். கொப்புளம் தள்ளத் தொடங்கியபின் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். கிணறு, ஓடை, குழாய் எதிலிருந்தும் பச்சைத் தண்ணீரை மூக்கில் ஏற்றாதீர்கள். கேரளத்தில் 2024, 2025 வருடங்களில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதை உண்டாக்கும் அமீபாக்களில் ஒன்றான நேக்லீரியா, குடிக்கிற தண்ணீரால் அல்ல, மூக்குக்குள் ஏறுகிற தண்ணீரால்தான் மூளைக்குப் போகிறது. பாட்டிலையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வையுங்கள்.

அடுத்தது ஸ்டீராய்டு ஸ்பிரே. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு என்ற பெயர்களில் மருத்துவர் எழுதுவார். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறார்கள். மூக்கில் அடிக்கும் அளவிலிருந்து உடம்புக்குள் சேர்வது மிகச் சொற்பம். சிறுநீரை இது கட்டுவதில்லை. தொடர்ந்து வருகிற மூக்கு ஒவ்வாமைக்கு மாத்திரையைவிடவும் இது நன்றாகக் கேட்கும். ஆனால் அடித்த உடனே திறக்காது. சில நாள் ஆகும். முழுப் பயன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு “இது சரியில்லை” என்று தூக்கிப் போட்டவர்கள் எங்கள் ஸ்டோரிலேயே நான்கு பேர்.

அடிக்கும் முறையும் முக்கியம். குப்பியைக் குலுக்குங்கள். தலையை நிமிர்த்தாமல் சற்றுக் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. முனையை நடுத்தண்டுப் பக்கம் வைக்காமல், அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிக்கோணத்தை நோக்கி வையுங்கள். மெல்ல மூச்சை இழுத்தால் போதும். உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். மூக்கைக் கழுவிய பிறகு அடித்தால் மருந்து நன்றாகப் படியும். இரத்தம் கசிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அசெலாஸ்டின் என்ற ஒவ்வாமை மருந்தும் ஸ்பிரேயாக வருகிறது. தொண்டையில் கசக்கும், ஆனால் சீக்கிரம் கேட்கும்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, மூக்கடைப்பைச் சில நிமிடத்தில் திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்து. அதுவும் இரத்தக் குழாயை இறுக்குகிற வகைதான். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சில நாட்களுக்கு மேல் போட்டால் யாராக இருந்தாலும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதால் சிறுநீருக்கு ஒரு தீங்கும் இல்லை. கொதிக்கிற பாத்திரம் கவிழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மாத்திரைதான் வேண்டுமென்றால்

உடம்பெல்லாம் தடிப்பு, தாங்க முடியாத அரிப்பு, கண்ணில் நீர் என்றால் சில நாள் மாத்திரை வேண்டியிருக்கும். புதிய தலைமுறை மருந்துகளில் ஃபெக்சோஃபெனடின், லோராட்டடின் ஆகியவை அசிட்டைல்கோலினைத் தடுப்பதில்லை என்றே சொல்லலாம், தூக்கமும் குறைவு. ஃபெக்சோஃபெனடினைத் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். நெஞ்செரிச்சல் மருந்தையும் அதே நேரத்தில் சாப்பிடாதீர்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். புராஸ்டேட் நீண்ட நாள் அடைத்திருந்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

செட்ரிசின், லெவோசெட்ரிசின் பழைய மருந்துகள் அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் அவற்றால் நீரடைப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு, தூக்கமும் வரும். இரவில் மூன்று முறை எழுகிற நமக்கு அந்த மயக்கத்தோடு கழிப்பறைக்கு நடப்பதே ஆபத்து. லெவோசெட்ரிசினோடு மாண்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை நம் கடைகளில் தாராளமாக விற்கிறது. மாண்டெலுகாஸ்ட் சிலருக்கு மனச்சோர்வையும் கெட்ட கனவுகளையும் தருவதால் 2020-இல் அமெரிக்காவில் அதற்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தார்கள். அதை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

எதுவானாலும் புதிய மாத்திரையை விடுமுறை நாளில், வீட்டில் இருக்கும்போது தொடங்குங்கள். அன்று சிறுநீர் வேகம் குறைகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, முழுவதும் வெளியேறாத உணர்வு இருக்கிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

புராஸ்டேட் மாத்திரையே மூக்கை அடைக்கலாம்

இதைப் பலர் அறிவதில்லை. டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின் போன்றவை ஆல்ஃபா ஏற்பிகளைத் தடுத்து, தசையைத் தளர்த்தி மடையைத் திறக்கின்றன. மூக்கின் இரத்தக் குழாய்களும் கூடவே தளர்வதால் சிலருக்கு மூக்கு அடைக்கும். அது சளி என்று எண்ணிச் சளி மாத்திரை போட்டால், ஒரு கையால் திறந்ததை மறு கையால் பூட்டுவதாகிவிடும். புராஸ்டேட் மருந்து தொடங்கிய பிறகுதான் மூக்கடைப்பு வந்தது என்றால் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நிறுத்திவிடாதீர்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். மதுரைக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்பாவையைச் சுற்றியுள்ள திரை (ஐரிஸ்) அறுவையின்போது தளர்ந்து துவள்வதற்கு இது காரணமாகலாம்.

தூசியைக் குறைப்பது

போடி இலவம் பஞ்சுத் தலையணையில் தலை வைத்தால்தான் தூக்கம் வரும் என்கிறவன் நான். என் தலையணைக்குப் பன்னிரண்டு வயது ஆகியிருந்தது. வெயிலில் போட்டுத் தட்டியபோது எழுந்த புகையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: நான் ஸ்டோரில் எட்டு மணி நேரமும், தலையணையில் ஏழு மணி நேரமுமாகத் தூசிக்குள்ளேயே வாழ்ந்திருக்கிறேன். பழைய தலையணையை மாற்றிவிட்டு, புதியதற்கு நெருக்கமாக நெய்த உறை போட்டேன். உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டில், 60 டிகிரி அளவில், துவையுங்கள். தூசிச் சிற்றுண்ணி சாகும். வேலையிடத்தில் துண்டைக் கட்டுவதைவிட என்95 முகக்கவசம் நல்லது. வீடு வந்ததும் முதலில் குளியுங்கள். சாலையோரப் பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்காதீர்கள்.

இளைப்பு, வயிற்றுவலி, நாட்டு மருந்து

இளைப்புக்கு இப்ராட்ரோபியம், டயோட்ரோபியம் இன்ஹேலர் எழுதியிருந்தால் புராஸ்டேட் இருப்பதை நினைவூட்டுங்கள். வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் ஆகியவையும் சிறுநீரைக் கட்டக்கூடியவை. ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைப்பதும் வேண்டாம். அதில் இருக்கும் அட்ரோபின் சிறுநீர்ப்பையைச் செயலற்றதாக்கிவிடும், உயிருக்கும் ஆபத்து. சோமலதா சேர்ந்த ஆயுர்வேத மருந்துகளில், சூடோஎபெட்ரினைப் போலவே மடையை இறுக்கும் எபெட்ரின் இருக்கும். வைத்தியரிடமும் புராஸ்டேட்டைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

காத்திருக்கக் கூடாத இரண்டு நேரங்கள்

சிறுநீர் முட்டியும் வரவில்லை, அடிவயிறு புடைத்து வலிக்கிறது என்றால் அது அவசரம். மேலும் மேலும் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். அடிவயிற்றில் வெந்நீர் ஊற்றிப் பார்க்கலாம். அதற்காக விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108 எல்லைக்கு இரண்டு பக்கமும் வரும். குழாய் போடுவதைப் பற்றிப் பயந்துதான் பலர் தாமதிக்கிறார்கள். உண்மையில் அந்த நொடியில் கிடைக்கும் நிம்மதிக்கு இணையாக ஒன்றும் இல்லை. பெரும்பாலும் மருந்து தொடங்கிச் சில நாட்களில் குழாயை எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு மூன்றாம் நாள் எடுத்தார்கள், தானாகவே போனது. வலியே இல்லாமல் நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் பை நிரம்பி வழிகிறது என்று பொருளாகலாம். அதையும் காட்ட வேண்டும்.

இரண்டாவது, தேனீயோ குளவியோ கொட்டியபின், அல்லது ஒரு மருந்தோ உணவோ ஒவ்வாமல், உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றுவது. அப்போது புராஸ்டேட்டை நினைத்துத் தயங்காதீர்கள். அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும், அதைப் போடட்டும். சிறுநீர் கட்டினால் குழாய் போட்டு எடுத்துவிடலாம். ஊசி போட்டு முடித்ததும், புராஸ்டேட் இருப்பதை உடன் வந்தவர் மருத்துவரிடம் சொன்னால் போதும்.

உடன் வந்தவருக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காக என் சட்டைப் பையில் ஒரு சீட்டு எப்போதும் இருக்கிறது. மகள் தமிழில் ஒரு பக்கமும், ஸ்டோரில் உடன் வேலை செய்யும் நண்பர் மலையாளத்தில் மறு பக்கமும் எழுதிக் கொடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டது. அதில் இருப்பது இவ்வளவுதான்: “புராஸ்டேட் வீக்கம் உள்ளவர். டாம்சுலோசின் 0.4 மி.கி. தினமும் இரவு. சளி மாத்திரையால் ஒருமுறை நீரடைப்பு வந்தது. ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின் கொடுக்க வேண்டாம்.” கீழே மகளின் தொலைபேசி எண்.